உப்பில்லாக் கீரையும் ஒரு ஃபிளெக்சு பேனரும்

வாடா பேராண்டி. செருப்ப வாசல்லயே விடு. இன்னாது அது, கக்கத்துல சுருட்டி எடுத்துக்கினு வந்திருக்கறே? ஃபிளெக்சா? பிரி, பாக்கலாம். அந்த வலை மேல போடாதே, கவுச்சி புடிச்சிக்கும். அப்பறம் ஒங்க மெட்ராஸ் ஜனங்க மூக்கப் பொத்திக்கினு படம் எடுக்கணும்.

"பண்பாடு, இசை, வரலாறு, சமூகம்."

அடேங்கப்பா! நாலும் ஒரே ராத்திரியிலயா? ஆறு மணிக்குப் பண்பாடு, ஏழு மணிக்கு இசை, எட்டரைக்கு வரலாறு, ஒம்போது மணிக்கு சமூகப் பிரச்சினை, ஒம்போதரைக்கு சாப்பாடு. பிரச்சினைய சோத்துக்கு முன்னால வச்ச பாரு, அங்கதாண்டா நீ என் பேரன். வயிறு ரொம்புனப்பறம் எவனுக்கு பிரச்சினை ஞாபகம் இருக்கும்?

எடம், பொம்மையார்பாளையம் கடற்கரை. சரி. தேதி போட எடம் விட்டு வச்சிருக்கீங்க, எடம் போட எடம் இருக்குதான்னு பாத்தியா? ஒங்க ஆயா கல்யாணம் கட்டிக்கினு வந்தப்ப, கட்டுமரத்த தண்ணியிலருந்து மேட்டுக்கு இழுத்துட்டு வந்து ஒக்காந்தா மூச்சு வாங்கும், அம்மாந்தூரம் மணலு. இப்ப வீட்டுத் திண்ணையில ஒக்காந்தே கால் நனைக்கலாம். வசதிதான். 1989ல புதுச்சேரியில தொறமுகத்துக்குன்னு கல்லக் கொட்டி கடலுக்குள்ள ரெண்டு கை நீட்டுனாங்க. இந்தக் கரையில வருசத்துல பாதிக்கு மேல தெக்கருந்து வடக்க மணலு நடந்துக்கினே இருக்கும். அது வந்து அந்தக் கையில முட்டி நின்னுக்கிச்சு. வடக்குப் பக்கம் மணலு வரல, கரை கரைஞ்சிது. டவுனுக்காரன் கரை கரைஞ்சா சும்மா இருப்பானா? கல்லுச் செவுரு வச்சான். கடலு செவுரு முடியற எடம் எதுன்னு தேடி வந்து பசியாத்திக்கிச்சு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், அப்பறம் நாம. வீட்டுக்கு வீடு ஒரு புடி அரிசி வாங்கிக்கினு போற பண்டாரமாட்டம் குப்பம் குப்பமா வந்துச்சு. அதனால சொல்றேன், மேடைக்கு சக்கரம் வச்சுப் போடு. ஆறு மணிக்குப் பண்பாடு நின்ன எடத்துல ஒம்போது மணிக்கு சமூகப் பிரச்சினை நிக்க முடியாம போயிடப் போவுது.

சிரிக்காத. நான் கூத்துல முப்பது வருசம் கட்டியங்காரன் வேசம் கட்டுனவன். ராசா சபைக்கு வந்தா, ராசா வேட்டி அவுந்திருக்குதுன்னு சொல்ற வேலை என்னுது. பழக்கம் போவல.

சரி, இந்த நாலையும் எதுல போட்டுக் கலக்கப் போற? நீ கலக்கவே வாணாண்டா. நம்ம ஊருல அது கலந்தேதான் கெடக்குது. தோ, இந்த ஊரு மடத்துப் பேருதான் மயிலத்துல பொம்மபுர ஆதீனம்னு இருக்குது. சிவனோட கணத்துல ஒருத்தரு, சங்குகன்னரு, சாபம் வாங்கிக்கினு நம்ம கடல்லதான் பச்சப்புள்ளையா மெதந்து வந்தாருன்னு கதை. கடலு புள்ளையும் குடுக்கும், வீட்டையும் எடுக்கும். அந்த மயிலத்து முருகன் மாசி மகத்துக்குத் தீர்த்தவாரி ஆட புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு வர்ற வழியில கோட்டக்குப்பம் பாயிங்க தட்டு எடுத்துக்கினு வந்து வரவேற்பு குடுப்பாங்க. அதுல எது பண்பாடு, எது சமூகம், எது வரலாறுன்னு ஒங்க ஃபிளெக்சுல எந்தக் கட்டத்துல போடுவ? நாயனம் வாசிக்கறவர ஏழு மணி வரைக்கும் வெளிய நிக்க வைப்பியா?

சிவப்பிரகாச சாமிய படிச்சிருக்கறியா? 'நன்னெறி' பாடுனவரு. நாப்பது வெண்பா, பள்ளிக்கூடத்துல ஒன்ன ஒப்பிக்கச் சொல்லியிருப்பாங்க, நீ முழிச்சிருப்ப. பதினேழாம் நூத்தாண்டு ஆளு. அவரு நம்ம மடத்து சிவஞான பாலைய தேசிகருக்குத் தாலாட்டு பாடியிருக்காரு. மடத்து சாமிக்குத் தாலாட்டு! தூது, கலம்பகம், பள்ளியெழுச்சின்னு அவரு மேலயே வரிசையா பாடி வச்சாரு. தூங்க வைக்க ஒண்ணு, எழுப்பி வுட ஒண்ணு. திருச்செந்தூர் முருகன் மேல ஒரு அந்தாதி பாடுனாரு பாரு, படிக்கறப்ப உதடும் உதடும் ஒட்டாது. 'ப' வராது, 'ம' வராது, 'வ' வராது, வாயக் குவிக்கிற எழுத்தும் வராது. நிரோட்டகம்னு பேரு. எங்க தமிழ் வாத்தியாரு சொல்லுவாரு, அவரு மயிலம் தமிழ்க் கல்லூரியில படிச்சவரு, 1938ல மடம் ஆரம்பிச்ச கல்லூரி. "நல்லவேளை, அந்தப் பாட்டுல சாமி திருச்செந்தூருல இருந்தாரு. பொம்மையார்பாளையத்துல இருந்திருந்தா ஊருப் பேரச் சொல்றதுக்குள்ள நாலு தடவ ஒதடு ஒட்டியிருக்கும்"பாரு. சொல்லிப் பாரு. பொ, ம்மை, பா, யம். எண்ணிட்டியா? இத மேடையில ஒரு போட்டியா வை. பரிசுக்கு ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு நான் தர்றேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்த வாத்தியாரு இன்னொண்ணு சொல்லிக் குடுத்தாரு, அது இன்னும் தொண்டையில நிக்குது.

இங்கருந்து வடக்க போனா மரக்காணம். அதுக்கு அப்பால கழியத் தாண்டுனா எடைக்கழிநாடு. அந்த ஊருக்காரரு நத்தத்தனாருன்னு ஒரு புலவரு, ரெண்டாயிரம் வருசத்துக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன, 'சிறுபாணாற்றுப்படை' பாடுனாரு. 269 அடி. சின்ன யாழு வச்சிருக்கற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. எவனாவது நமக்கு வழி சொல்லணும்னா லொக்கேசன் அனுப்பறான். அந்தக் காலத்துல பாட்டு அனுப்புனாங்க. ஓய்மா நாட்டு ராசா நல்லியக்கோடன், கிடங்கில்ல இருக்கறான், போ, குடுப்பான்னு. கிடங்கில் எங்க இருக்குது? தோ, திண்டிவனத்துல. ஒன் பஸ்ஸு நின்ன ஊருடா. வழியில எயிற்பட்டினம், அது நம்ம மரக்காணத்துப் பக்கம்னு சொல்றாங்க. வேலூருன்னு ஒண்ணு வருது, அது நம்ம வானூர் தாலுக்கா உப்புவேலூருதான்னு சொல்றவங்க உண்டு. நீ நடத்தப் போற விழாவுக்கு அவரு ரூட்டு மேப்பே போட்டு வச்சிட்டுப் போயிட்டாரு.

அந்த ரூட்டுல சாப்பாட்ட மட்டும் கேளு. எயிற்பட்டினத்துல கரையில ஒதுங்கற அகில் கட்டைய அடுப்புல வச்சு எரிக்கறாங்க. ஒட்டகம் படுத்துத் தூங்கறாப்பல கெடக்குதாம் அந்தக் கட்டை. இப்ப ஒரு தோலா அகிலுக்கு இன்னா வெலைன்னு ஒங்க போன்ல தட்டிப் பாரு. அந்த நெருப்புல நுளையப் பொண்ணு வடிச்ச கள்ளும், வாட்டுன குழல் மீனும். வேலூருல புளிச்சோறும் சுட்ட கறியும். ஆமூருல அரிசிச் சோறும் நண்டும். அத எல்லாம் வுட்டுட்டு நீ கேட்டரிங்ல பன்னீர் சொல்லியிருக்கறே. கடலுக்கு முன்னால ஒக்காந்துக்கினு பன்னீரு. சரி, ஒன் பாவம் ஒன்னோட.

இப்ப கேளு. அந்தப் பாணன் ராசா கிட்டப் போறதுக்கு முன்னால வீட்டுல எப்படி இருந்தான்? நத்தத்தனாரு காட்டறாரு பாரு. சமையக்கட்டுல நாயி குட்டி போட்டுக் கெடக்குது. கண்ணு இன்னும் தொறக்காத குட்டிங்க, பாலு இல்லாத மடிய இழுக்குதுங்க, வலி தாங்காம தாய் கொரைக்குது. கூரைக் கழி இத்துப் போயிருக்குது, செவுத்துல கரையான் அரிச்ச எடத்துல காளான் பூத்திருக்குது. பறை கொட்டறவன் பொண்டாட்டி இடுப்பு சிறுத்துப் போனவ, குப்பை மேட்டுல மொளைச்ச வேளைக் கீரைய நெகத்தாலயே கிள்ளிக்கினு வந்து வேக வச்சா. உப்பு கெடையாது. உப்பில்லாம வெந்த கீரைய, பொல்லாப்பு பேசறவங்க கண்ணுல படக் கூடாதுன்னு கதவச் சாத்திக்கினு, சொந்தக்காரங்க அத்தனை பேரோடயும் ஒக்காந்து தின்னா.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு நம்ம பழமொழி சொல்லுது. அவ குப்பையிலருந்து எடுத்தாந்து உப்பில்லாம தின்னிருக்கறா, தலைகீழா. இது எந்தப் பாட்டுல? உப்பு வெளையற கரை வழியா போற பாட்டுலடா! எயிற்பட்டினம் வர்ற பாட்டுல! பாணன் யாழுல ஏழு நரம்பும் சரியா சுதி சேந்திருக்கும், ஆனா கொழம்புக்கு உப்பு கெடையாது. அந்தப் பாட்ட உ.வே.சா. ஏட்டுச் சுவடியிலருந்து பத்துப்பாட்டோட சேத்து 1889ல அச்சடிச்சாரு. நம்ம மூஞ்சிக்கு நேரா கண்ணாடி காட்டிட்டுப் போயிட்டாரு.

உப்பும் பாட்டும் நம்ம ஊருல சேந்தேதான் நடக்கும், பேராண்டி. ரெண்டும் சோத்துக்கு ருசி குடுக்கற சாமானு. ரெண்டையும் செய்யறவன் வீட்டுல மட்டும் சப்புனு இருக்கும்.

நான் ரெண்டு கோடை மரக்காணம் உப்பளத்துல வேலை பாத்தேன், ஒனக்கு சொன்னதில்ல. தை பொறந்ததும் பாத்தி மிதிப்பு. அடித்தரைய கால்லயே மிதிச்சு மிதிச்சு சிமிட்டித் தரையாட்டம் ஆக்கணும், இல்லன்னா உப்புல சேறு ஏறிடும். பத்துப் பேரு வரிசையா நின்னு ஒரே தாளத்துல மிதிப்போம். முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. ஒருத்தன் காலு தப்புனா பக்கத்துக் காலுக்குத் தெரிஞ்சிடும். நான் மொத மொத தாளம் கத்துக்கிட்ட எடம் அதுதான், வாத்தியாரு வீட்டுல இல்ல. அப்பறம் தண்ணிய பாத்திக்குப் பாத்தி மாத்தி வுடணும். வெயில்ல கெட்டியாயி கெட்டியாயி மேல பால் ஆடையாட்டம் ஒண்ணு மெதக்கும். அது ஒடைஞ்சு அடியில எறங்குனா உப்பு. பலகையால இழுத்து வரப்புல குமிக்கணும். பித்தவெடிப்புல அந்தத் தண்ணி பட்டா, டேய், உச்சந்தலையில ஆணி அடிக்கும். நடுப்பகல்ல பாத்தி பூரா வெள்ளை, வானம் வெள்ளை, கண்ணு மூடுனாலும் வெள்ளை. கண்ணாடி போட்டவன் அளத்துல ஒருத்தன்தான் வருவான், கணக்கு எழுத.

வெயிலு கூடுனா உப்பு கூடும், கூலி கூடாது. மழை வந்தா உப்பும் இல்ல கூலியும் இல்ல. உப்பு விக்கப் போனா மழை வருது, மாவு விக்கப் போனா காத்து அடிக்குதுன்னு சும்மாவா சொன்னாங்க? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலு வந்துச்சே, மயிலத்துல ஒரே நாளுல 50 சென்டிமீட்டர். உப்பு பழையபடி கடலுக்கே போய்ச் சேந்துச்சு. வந்த வழி தெரிஞ்ச பண்டம் அது ஒண்ணுதான். மழைக்காலத்துக்கு நிவாரணம்னு சர்க்காரு குடும்பத்துக்கு 5,000 ரூபா குடுக்குது இப்ப. குடுக்கட்டும், நல்லதுதான். ஆனா மழைக்காலம் எத்தன மாசம்னு வானிலை ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்.

2006லருந்து அயோடின் கலக்காத உப்ப திங்கறதுக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம். அதுவும் நல்லதுதான், கழுத்துல கழலை வராது. அதனால அளத்துல மிதிக்கறவன் வீட்டுலயும் பாக்கெட்டு உப்புதான். தன் காலு பட்ட உப்பு ஊரு சுத்திட்டு, பாக்கெட்டுல சிரிச்ச மொகத்துப் பொம்பள படம் போட்டுக்கினு, வெலையோட திரும்பி வருது. மருமவ பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றாப்பல.

வரலாறு கட்டத்துல இன்னா வச்சிருக்கறே? பிரெஞ்சுக் கட்டடம் படமா? வை. கூடவே இதையும் ஒரு வரி போடு. 1805ல மெட்ராசுல வெள்ளைக்காரன் உப்ப ஏகபோகம் ஆக்கிக்கினான். எல்லையில புதுச்சேரிக்காரன் உப்பு காய்ச்சுனா இவன் வெலை படுத்துடும் இல்ல? 1818ல பிரெஞ்சுக்காரன் கிட்ட ஒப்பந்தம் போட்டு, ஒங்க பக்கம் அளத்த மூடிக்கங்க, வருசா வருசம் நட்டஈடு தர்றோம்னான். சண்டைன்னா ரெண்டு பேரும் பீரங்கி தூக்கிக்கினு வருவாங்க; ஏழை வீட்டு உப்புன்னதும் ஒக்காந்து கையெழுத்துப் போட்டாங்க. அந்த நட்டஈட்டுல பாத்தி மிதிச்ச காலுக்கு எத்தினி போச்சுன்னு ஒங்க வரலாறு பேசற புரொபசர எட்டரை மணிக்குக் கேளு. ஒம்போது மணி வரைக்கும் அவரு தண்ணி குடிச்சிக்கினு இருப்பாரு.

1930ல ராஜாஜி திருச்சியிலருந்து ஏப்ரல் 13ந் தேதி கெளம்பி வேதாரண்யத்துக்கு நடந்தாரு. சுமார் நூறு பேரு. நாமக்கல் கவிஞரு அந்த நடைக்குன்னே பாட்டு எழுதிக் குடுத்தாரு, அதப் பாடிக்கினே போயி 30ந் தேதி உப்பு அள்ளுனாங்க. பாத்தியா, அங்கயும் உப்பும் பாட்டும் கை கோத்துக்கினுதான் போச்சு. ஆனா பாரு, வழியில நடக்கறவங்களுக்கு சோறு போட்டா செயிலுன்னு கலெக்டரு தண்டோரா போட்டான். ஜனங்க மரத்துல சோத்துப் பொட்டலத்தக் கட்டித் தொங்க வுட்டாங்கன்னு சொல்லுவாங்க. அந்த ஜனங்களுக்கு ஃபிளெக்சு இல்ல. பாட்டுக்காரனுக்கு மொதல்ல சோறுன்னு தெரிஞ்சிருந்துது.

இப்ப அந்தக் கணக்குப் பேப்பரக் குடு. மறைக்காத, ஒன் சட்டைப் பையில துருத்திக்கினு இருக்கறத வந்த ஒடனே பாத்துட்டேன்.

ஃபிளெக்சு நாலு, 16,000. டிரோன் கேமரா, 25,000. ஒலி ஒளி, 60,000. வெளியூரு பேச்சாளரு தங்க ரூம்பு, ஏசி. பன்னீரு உள்பட சாப்பாடு, அடேயப்பா. கடைசியில பம்பை, உடுக்கை, தெருக்கூத்து. அதுக்கு நேரா? 'மரியாதை'. தொகை எடத்துல ஒரு கோடு. கோடு நல்லா நேரா இருக்குது, ஸ்கேலு வச்சுப் போட்டியா?

மரியாதைன்னா பொன்னாடைதானே? எனக்கு அந்த மரியாதை ஒரு தடவ நடந்துது. அம்பது வயசு தாண்டியிருக்கும். கடலோரம் பெரிய ஓட்டல்காரன் ஒருத்தன், பேரு வாணாம், எங்க கூத்து செட்ட கூப்ட்டான். புல்லுத் தரையில ஆடணும். விடிய விடிய ஆடற அர்ச்சுனன் தபச இருவது நிமிசத்துல முடிக்கணும்னான். தபசுன்னா மரம் ஏறணும்டா, படிக்குப் படி பாட்டு இருக்குது. நான் கேட்டேன், "ஐயா, அர்ச்சுனன் பாதி மரம் ஏறட்டுமா, இல்ல மரத்தப் பாதியா வெட்டிக்கலாமா?" வெள்ளைக்காரங்க கை தட்டுனாங்க, புரிஞ்சிதா புரியலையான்னு தெரியல. முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு பொன்னாடை. பணம் அக்கவுண்டுல வரும்னாங்க. எங்க ஆறு பேருல எவனுக்கும் அக்கவுண்டு கெடையாது. ராத்திரி ஒரு மணி, பஸ்ஸு இல்ல. மிருதங்கத்தத் தோள்ல மாட்டிக்கினு, ஆர்மோனியத்தத் தலையில வச்சிக்கினு ஈசிஆர் ரோட்டுல நடந்தோம். மார்கழிப் பனி. பொன்னாடைய முண்டாசா கட்டிக்கினோம். எதிர்ல லாரி வெளிச்சம் அடிக்கறப்பல்லாம் ஜரிகை மின்னுது. ஆறு மாப்பிள்ளைங்க பொண்ணு கெடைக்காம ஒரே நேரத்துல ஊரு திரும்பறாப்பல இருந்துது. முகவீணைக்காரரு மட்டும் பேசவே இல்ல. வூட்டுக்குப் போயி கதவச் சாத்திக்கினாரு.

மயிலுக்குப் போர்வை குடுத்தான்னு பேகன வள்ளல்னு சொல்றாங்க, அந்தச் சிறுபாணாற்றுப்படையிலயே வருது. மயிலு வந்து குளுருதுன்னு கேட்டுதா? பாரி முல்லைக் கொடிக்குத் தேரு குடுத்தான். கொடி எங்க ஓட்டிக்கினு போவும்? நம்ம ஊரு மேடைக்காரங்க எல்லாம் அந்த வம்சம். கேக்காதவனுக்கு கேக்காதத குடுக்கறது.

நல்லியக்கோடன் அப்படி இல்ல, பேராண்டி. வந்தவன மொதல்ல துணி மாத்தச் சொன்னான். வீமன் எழுதுன சமையல் பொஸ்தகத்துல இருக்கற பக்குவத்துல சோறு ஆக்கி, பொன்னு தட்டுல போட்டு, தானே நின்னு பரிமாறுனான். அப்பறம் பரிசு. செக்கு இல்ல, அடுத்த மாசம் இல்ல, வந்த அன்னிக்கே குடுத்து அனுப்புனான். ஒங்க ஜிஎஸ்டி பில்லு எதுவும் கேக்கல. கடைசியா இன்னா குடுத்தான் தெரியுமா? தேரு. சும்மா தேர மட்டும் குடுத்தா யாழ வச்சிக்கினு அவன் எப்படி ஓட்டுவான்னு யோசிச்சு, இழுக்க மாடும் குடுத்து, ஓட்டறதுக்கு ஆளும் குடுத்து அனுப்புனான்.

அதனால அந்தக் கோட்ட அழிச்சிட்டு ஒரு நம்பரு எழுது. எத்தினின்னு என்னக் கேக்காத, ஒலி ஒளிக்காரன் கிட்ட பேரம் பேசறப்ப இருந்த ரோசம் இப்ப வரட்டும். அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுது: வண்டி. பம்பைக்காரரு வூடு மரக்காணத்துக்கும் அந்தாண்ட. ஒங்க சமூகப் பிரச்சினை முடியறதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிடும். டிரைவரோட சேத்து எழுது.